மாமாவின் முதுகும் ஆய்வுக்கூட ரத்தமும்

பிள்ளைகளே, உங்கள் மாமா விஞ்ஞானியான கதையை எழுதி வைக்கிறேன். நீங்கள் வளர்ந்த பிறகு அவர் வேறு மாதிரி சொல்லுவார்.

நம் சின்னவளுக்குத் தலசீமியா. அவள் உடம்பு சிவப்பணுக்களை ஒழுங்காக உண்டாக்காது. மாதாமாதம் யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றித்தான் ஓடியாடுகிறாள். அந்தத் தீபாவளிக்கு முந்தின வாரம் உதடு வெளுத்து, படியேறவே மூச்சு வாங்கினாள். ஆஸ்பத்திரி வார்டிலோ, "பண்டிக நேரம், கொடுக்க ஆள் வரல. பொருந்துற ரத்தம் வந்ததும் கூப்பிடுறோம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஞாயிறு கிள்ளானில் எங்கள் கோயில் மண்டபத்தில் ரத்த தான முகாம். சொந்தக்காரர்களைக் கெஞ்சி வரவழைத்தேன். வந்தார்கள். குடிக்க மைலோவும் கடிக்கக் கறிபாப்பும் இருந்த மேசைக்கு நேராக வந்தார்கள்.

காப்பாரிலிருந்து வந்த மாமா, அதாவது உங்கள் அம்மாவின் அண்ணன், கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார்.

"இத பாருங்க மச்சான். ஸ்டெம் செல்லாம். லேப்ல ரத்தத்தையே வளக்குறானுங்க, மனுசனுக்கு ஏத்தியும் பாத்துட்டானுங்க. இனிமே யாரும் கொடுக்க வேணாம் லா!"

"அப்படியா அண்ணே?" என்று சுற்றியிருந்தவர்கள் கேட்டார்கள். பரீட்சை ரத்தானது போல முகத்தில் அவ்வளவு வெளிச்சம். மடித்த சட்டைக் கைகள் கீழே இறங்கின. கட்டில்கள் காலியாகக் கிடந்தன.

மாமா தைப்பூசத்துக்குத் தவறாமல் முதுகு நிறையக் கொக்கி மாட்டிக் காவடி எடுப்பவர். "ஒரு சொட்டு ரத்தம் வராது" என்று பெருமை பேசுவார். உண்மைதான். அவரிடமிருந்து எதுவும் ஒரு சொட்டு வந்து நான் பார்த்ததில்லை.

மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன் நான். எனக்கும் ஆசை வந்துவிட்டது. முகாமுக்கு வந்திருந்த டாக்டர் பெண்ணிடம், "அந்த லேப் ரத்தம் எம்மகளுக்கு எப்பம்மா கிடைக்கும்?" என்று கேட்டேன்.

"வீடியோ உண்மதான் அங்கிள். ஆனா இப்போதைக்கு ஏத்திப் பாக்குறது ஸ்பூன் கணக்குலதான். பை பையா வர்றதுக்கு ரொம்ப வருசம் ஆகலாம்." பிறகு மாமாவைப் பார்த்தார். "அந்த ஸ்டெம் செல்ல எங்கேர்ந்து எடுத்தாங்கன்னு கேக்கலயா அங்கிள்? அதுவும் ஒருத்தர் கொடுத்த ரத்தத்துலேர்ந்துதான்."

விஞ்ஞானி இன்னொரு கறிபாப் எடுத்துக்கொண்டார்.

சின்னவள் மூச்சு வாங்க அவர் முன்னால் போய் நின்றாள். "மாமா, முதுகுல அவ்ளோ கொக்கி மாட்டுறீங்க. இது ஒரே ஒரு ஊசிதானே?"

"அது சாமி காரியம்மா. அப்ப வலிக்காது."

"அப்ப கண்ண மூடிக்குங்க. நான் வேல் வேல்னு சொல்றேன்."

சொல்லவே ஆரம்பித்துவிட்டாள். கறிபாப் வாயோடு மண்டபமே "வேல் வேல்!" என்றது. மலாய்க்காரத் தாதி பயந்து ஓரடி பின்னால் போனார். வேறு வழியில்லாமல் மாமா கட்டிலில் ஏறிப் படுத்தார். ஊசி இறங்கியதும் அவர் போட்ட சத்தத்தைப் பத்துமலைக் காவடியில் ஒருநாளும் கேட்டதில்லை. ரத்தம் என்னவோ நன்றாகத்தான் வந்தது. கூச்சப்பட்டு மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள்.

அந்த வாரமே வார்டிலிருந்து கூப்பிட்டார்கள். தீபாவளியன்று சின்னவள் மத்தாப்போடு வாசலெல்லாம் ஓடினாள்.

மாமாவின் ரத்தப் பிரிவு வேறு, அவளுக்கு ஏறவே ஏறாது. இருந்தும் ஒரு கல்யாணம் விடாமல், "அவ உடம்புல ஓடுறது என் ரத்தம்" என்கிறார். லேப் ரத்தம் சீக்கிரம் வரட்டும். அதுவாவது கல்யாண வீட்டில் பேசாது.

அதுவரை நீங்கள் யாரும் அவரைத் திருத்த வேண்டாம். அடுத்த முகாமுக்கும் அவர் வர வேண்டும்.