மெத்தைக் கடை முன்னால் அடங்கிய பேண்டு

உக்கிரபாண்டிக்குப் பினாங்கு என்ற ஊரே அன்றைக்குப் பிடிக்காமல் போய்விட்டது. காலையில் பள்ளிக்கூடத்தில் ஒரு கச்சேரி. அது முடிந்த கையோடு பட்டாம்பூச்சித் தோட்டம், அதற்குப் பிறகு சாக்லேட் கடை. மண்டபம் என்ற ஊரிலிருந்து போன பேண்டு செட்டு மொத்தத்தையும், சிவப்புக் கோட்டும் தொப்பியுமாக, கொளுத்துகிற வெயிலில் ஓட்டிக்கொண்டு திரிந்தான் பிரபாகரன். கோயில் திருவிழா ஊர்வலத்துக்கு அவர்களை வரவழைத்த சங்கத்து ஆள் அவன்.

"பட்டாம்பூச்சி பாக்கவாலே கடல் தாண்டி வந்தோம்?" என்று டிரம் அடிக்கும் பாண்டித்துரையிடம் பல்லைக் கடித்தார் உக்கிரபாண்டி. அவர்தான் மாஸ்டர், டிரம்பெட் அவர் கையில்.

அவர் வந்தது மகள் கலைச்செல்விக்காக. ஊரில் அவர் வீடு பள்ளிவாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. பள்ளிவாசலைக் கடக்கும்போது அங்கே எந்தப் பேண்டும் வாசிக்காது. மாஸ்டர் இடது கையைத் தூக்குவார், எல்லாம் அடங்கிவிடும். தாண்டிய பிறகுதான் மறுபடி சத்தம் வரும். இதை யாரும் சட்டம் போட்டுச் சொன்னதில்லை, அது பழக்கம். அதனால், ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் ஊதியவரின் மகள் பிறந்து வளர்ந்த வீட்டு வாசலில் மட்டும் ஒரு நாளும் பேண்டு முழங்கியதில்லை. அவள் கல்யாண ஊர்வலமே தெருமுனை திரும்பிய பிறகுதான் சத்தம் கண்டது.

கல்யாணமாகிப் பினாங்குக்குப் போனவள், அப்பன் வருகிறார் என்றதும் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சாமி ஊர்வலம் எங்க தெரு வழியாத்தான் வருதுய்யா. என் வாசல்ல ஒரு பாட்டு ஊதிட்டுப் போங்க. ராத்திரிக் கச்சேரிக்கு என்னால வர முடியாது, ஆஸ்பத்திரியில டூட்டி."

ஊர்வலத்துக்கு மறுநாள் காலையிலேயே ஊர் திரும்ப விமானம். ஆக, அந்த வாசலை விட்டால் வேறு வழியில்லை.

சாக்லேட் கடையில் நேரம் போனதால் ஊர்வலம் தாமதமாகத்தான் கிளம்பியது. "எங்கயும் நிக்காதீங்கண்ணே, அடைச்சு வச்ச ரோட்டத் தொறந்துருவாங்க" என்று பிரபாகரன் கூடவே ஓடி வந்து உயிரை வாங்கினான். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. தெரு திரும்பியதும் எதிரே பச்சைக் குவிமாடம் ஒன்று தெரிந்தது. அவ்வளவுதான், உக்கிரபாண்டியின் இடது கை தானாக மேலே போனது. பேண்டு அடங்கியது. காலடிச் சத்தம் மட்டும் கேட்டது.

"அய்யா!"

குவிமாடத்துக்கு எதிர் வீட்டு வாசலில், இடுப்பில் பிள்ளையோடு கலைச்செல்வி நின்றாள். பட்டுச்சேலை கட்டித் தலை நிறையப் பூ வைத்திருந்தாள். வீடு பார்க்கிறவள் இங்கேயுமா பள்ளிவாசலுக்கு எதிரே பார்ப்பாள் என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் கையை இறக்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனார்.

"ஏண்ணே நிப்பாட்டுனீங்க?" என்று பிரபாகரன் பதறினான்.

"பள்ளிவாசல் முன்னாடி எப்படிய்யா ஊதுறது?"

"பள்ளிவாசலா? அது மெத்தைக் கடைண்ணே!"

திரும்பிப் பார்த்தார். குவிமாடத்துக்குக் கீழேயிருந்து இரண்டு பேர் ஒரு மெத்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

"ஏலே, திரும்புங்கலே!" என்று கத்தினார். எங்கே திரும்புவது? பின்னால் தேர் தெருவை அடைத்துக்கொண்டு வந்தது. போலீஸ்காரர் விசில் ஊதினார். கூட்டம் அவர்களை முன்னால் தள்ளிக்கொண்டே போனது.

ஊர்வலம் முடிந்ததும் வாத்தியங்களை எல்லாம் பஸ்ஸின் அடியில் வைத்துப் பூட்டிவிட்டு, கச்சேரிக்கு முன்னால் ஊர் பார்க்கவேண்டும் என்று சங்கத்தார் அவர்களை ஓர் உயரமான கட்டடத்தின் உச்சிக்கு ஏற்றினார்கள். பிரபாகரன் போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னான். அந்த நேரம் பார்த்து மகளிடமிருந்து போன் வந்தது.

"என் கண்ணு அவிஞ்சு போச்சும்மா. மெத்தைக் கடைக்கு மரியாத பண்ணிட்டு வந்திருக்கேன்" என்றார்.

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "நீங்க கையத் தூக்குனதும் நம்ம வீட்டு வாசல்லயே நிக்கிற மாதிரி இருந்துச்சுய்யா. பரவால்ல, விடுங்க."

அவள் ஆறுதல் சொல்லச் சொல்ல அவருக்கு எரிச்சல் கூடியது.

"அப்ப நான் ஊதவே வேணாங்குறியா?" என்று சத்தம் போட்டார்.

டிரம்பெட்டோ கீழே பஸ்ஸின் அடியில் பூட்டிக் கிடந்தது.

"வேணும்ய்யா" என்றாள்.