பெல்ட் போச்சு என்று சொன்னேன்

நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதற்காக, இறந்துபோன ஒரு மனிதரின் குரலை அழித்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்று விட்டால் நழுவிவிடுவேன்... என் புத்தி எனக்குத் தெரியும்.

எல்லாம் ஒரு வாக்மேனுக்காக! சிரிக்கிறீர்களா? தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஆர்.எஸ்.புரத்துப் பெண்கள் விடுதி ஒன்றில், அத்தனை பேர் கண்ணுக்கு நடுவே ஒன்றை வைத்திருந்து பாருங்கள். அப்புறம் சிரிப்பு வராது.

மஸ்கட்டிலிருந்து அண்ணன் கொடுத்தனுப்பியது. ஜாக்கெட் துணி மிச்சத்தில் அதற்கு உறை தைத்தேன். கேட்டு முடித்ததும் பேட்டரிகளைக் கழற்றி ஜன்னலோர வெயிலில் வைப்பேன். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் உள்ளே துடைப்பேன். டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொள்வேன். காரமடையிலிருந்து தட்டச்சு வேலைக்கு வந்தவளுக்கு, தனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

இரவல் கொடுத்த எந்தப் பொருள் எனக்கு முழுசாகத் திரும்பி வந்திருக்கிறது? குடை கம்பி ஒடிந்து வந்தது. சுடிதார் குழம்புக் கறையோடு வந்தது. ஆகவே வாக்மேனை யார் கேட்டாலும், உள்ளே சுழலும் ரப்பர் வார் அறுந்துவிட்டது என்ற கணக்கில், "பெல்ட் போச்சுங்க" என்றுவிடுவேன். அப்புறம் மொட்டைமாடியில், காயப்போட்ட துணிகளுக்குப் பின்னால் திருடியைப் போல உட்கார்ந்து பாட்டுக் கேட்பேன்.

என் அறையில் கூட இருந்தவள் வசந்தாமணி. கொடுமுடிப் பெண், என்னைவிட நாலு வயது இளையவள். ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை. அவளிடம் ஒரு பழைய கேசட் இருந்தது. தம்பியின் காதுகுத்து விருந்தில் மைக்செட்காரர் பதிவு செய்து கொடுத்தது. அதில் அவள் அப்பா மைக்கைப் பிடித்து இரண்டு வார்த்தை பேசியிருக்கிறார். அப்பா போய் மூன்று வருடம். வேறெங்கும் அவர் குரல் இல்லை.

"ஏனுங்கக்கா, ஒரே ஒருக்கா அப்பா பேசறதக் கேட்டுப்போட்டுக் குடுத்தர்றனுங்க."

"பெல்ட் போச்சு கண்ணு."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகாவது நிறுத்தி யோசித்தேனா? இல்லை!

அவள் முகம் சுளிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, "டவுன்ஹால்ல ரேடியோ ரிப்பேர் பாக்கற பாய் கடை ஒண்ணு இருக்குதுங்கக்கா. நானே குடுத்துப்போட்டு வாரனுங்க. உங்களுக்கு எங்க நேரம்" என்றாள். எனக்காக அலைகிறாளாம்...

கடைக்காரர் பொத்தானை அமுக்குவார், அது ஜம்மென்று பாடும், என் மானம் போகும். அவள் குளிக்கப் போன நேரத்தில் வாக்மேனைத் திறந்தேன். ஹேர்பின்னை விட்டு நோண்டினேன். நாடாவை இழுக்கிற சின்ன ரப்பர் உருளையில் கீறல் விழுந்தது. உள்ளே ஏதோ 'டக்' என்றது. பிறகு சுற்றவில்லை. பொத்திப் பொத்தி வைத்த பொருளை நானே கெடுத்தேன். அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது என்றால் நம்புவீர்களா?

கொடுத்தது அவள். வாங்கி வரப் போனது நான், அலுவலகம் விட்டு வரும் வழியில்.

"ஓடுதுங்கம்மா" என்றார் பாய். "ஆரோ ஊசிய விட்டு நோண்டிப்போட்டாங்க. ரோலரு கீறிக் கெடக்குது, புதுசு வந்தா மாத்தித் தாரனுங்க. அதுவரைக்கும் பழைய கேசட்டு மட்டும் போட்டறாதீங்க, நாடாவத் தின்னுபோடும்."

அறைக்குள் நுழைந்தேன். வசந்தாமணி கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் காத்திருந்தாள்.

ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். 'இன்னும் சரியாகவில்லை, பொறு.' அதுதான் உண்மை. ஆனால் மனசுக்குள் சொல்லிப் பார்த்தபோது, 'பெல்ட் போச்சு' மாதிரியே இருந்தது! நம்பமாட்டாள் என்று நினைத்தேன். இன்னொன்றும் நினைத்தேன்... அதைத்தான் இத்தனை காலம் மறைத்தேன். ஒரு தடவையாவது மனசாரக் கொடுக்கிறவளாகத் தெரிய ஆசைப்பட்டேன். ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொடுத்தேன்.

ஹெட்போனை வளைத்து ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டோம். இலை போடுகிற சத்தம், பிள்ளைகளின் கூச்சல். பிறகு ஒருவர் தொண்டையைச் செருமினார். வசந்தாமணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் உக்காந்து சாப்புட்டுப்போட்டுத்தான் போகோணுமுங்க. ஆரும் சும்மா..."

குரல் இழுத்தது. தடித்தது. நின்றுவிட்டது.

திறந்தபோது நாடா உருளையைச் சுற்றிக் கசங்கிக் கிடந்தது. நகத்தால் மெல்ல மெல்ல எடுத்தாள். எடுக்க எடுக்கச் சுருங்கியது, கடைசியில் அறுந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் தாவணி நுனியால் என் வாக்மேனைத் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. பழைய கேசட்டப் போட்டு உங்க செட்டக் கெடுத்துப்போட்டேன்."

"பரவாயில்ல, விடு கண்ணு" என்றேன்.

கேட்டீர்களா? நான் அவளை மன்னித்தேன்!

அவளுக்குத் தெரிந்திருக்குமா? பாய் எப்போதாவது அந்தக் கீறலைப் பற்றி அவளிடம் சொல்லியிருப்பாரா? தெரியவில்லை. அன்றிலிருந்து ஓரிடத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார என்னால் முடிவதில்லை.

அடுத்த வருடம் கொடுமுடியில் அவளுக்குக் கல்யாணம். போனேன். எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். மேடையேறிப் பரிசைக் கொடுத்துவிட்டு, அவள் காதருகே குனிந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றுதான் முனகினேன்.

மாலையும் கழுத்துமாக நின்றவள் என் கையை விடவில்லை. "அதெல்லாம் ஆவாதுங்க. சாப்புட்டுப்போட்டுத்தான் போகோணுமுங்கக்கா" என்றாள்.

பந்தியில் போய் உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். பாயசம்கூட இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டேன்.