அங்கம்மா எடுத்த வானவில்

கயிறு அவிழ்ந்து ஃபெர்ரி நகர்ந்ததும் அங்கம்மா வலதுபக்கக் கம்பியோரம் போய்விடுவாள். இடம் இருந்தாலும் உட்கார மாட்டாள். "பிடிங்கக்கா, சாம்பார் சாயுது" என்று சாப்பாட்டுப் பையை என் மடியில் போடுவாள். புடவைத் தலைப்பால் போனைத் துடைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கடலைக் குறிபார்ப்பாள். போனில் படம் எடுக்க எதற்குக் கண்ணை மூடுகிறாய் என்று பல தடவை கேட்டுவிட்டேன். "ரெண்டு கண்ணும் தொறந்திருந்தா மனசு அலையும்க்கா."

காய்கறிக்கும் மாமியாரின் மருந்துக்கும் வாரத்தில் மூன்று நாள் அக்கரை போகிறவள் நான். அவள் தினமும் போகிறவள். போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரில் ஒரு தையல் கடையில் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கிறாள், புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிறாள். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். வயது நாற்பத்தேழு. எங்கள் பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தம் துறைக்கு வரும் அந்தக் கால் மணி நேரத்தில் முப்பது படம் எடுப்பாள். சரியில்லாததை "சல், போ சனியனே" என்று திட்டித்தான் அழிப்பாள். ஊசிக்குத்து நிறைந்த அந்தக் கட்டைவிரல் பட்டால் போனும் சில நேரம் கேட்காது. அதற்கும் திட்டு விழும்.

நல்ல படமெல்லாம் எங்கள் ஃபெர்ரி வாட்ஸப் குரூப்புக்குப் போகும். படகு ஓடுமா, ரத்தா என்று கேட்பதற்காக ஆரம்பித்த குரூப் அது. விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு ரோஜாவும் வேல் பிடித்த முருகனும் 'இனிய காலை வணக்க'த்தோடு அதில் வந்து விழும். அதுவும் இவள் வேலைதான். நான் குரூப்பின் சத்தத்தை நிறுத்தி வைத்து இரண்டு வருஷம் ஆகிறது.

ஜூனில் ஒருநாள் மழை விட்டதும் துறைமுகத் தண்ணீரில் கால் ஊன்றி ஒரு முழு வானவில் எழுந்தது. அதற்கு நேர் கீழே, எங்கள் துறையின் வெள்ளைச்சாமி அண்ணன் தன் டோங்கிப் படகில் நின்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் வாயைப் பிளந்தபோது இவள் எடுத்தாள். பொய் சொல்ல மாட்டேன், அந்தப் படத்தைப் பார்த்து எனக்கே புல்லரித்தது.

இரண்டு வாரம் கழித்து பஜாரில் நான் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஓடி வந்தவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா! என் வானவில்லு! கட்டில் அகலத்துக்குத் தொங்குதுக்கா!"

டூர் டிக்கெட் போடும் விஜயனின் கடை வாசலில் புதுப் பேனர். அதே வானவில், அதே டோங்கி. மேலே பெரிய எழுத்தில் 'ஹேவ்லாக்', டூரிஸ்டுகள் போகிற வேறொரு தீவின் பெயர். அவளுக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. வெங்காயப் பையோடு நானும் உள்ளே போனேன்.

"பய்யா, வெள்ளைச்சாமி அண்ணன் எப்ப ஹேவ்லாக் போனாரு?" என்றாள்.

விஜயன் நெளிந்தான். "அரே தீதி, குரூப்புல வந்தது. குரூப்புல வந்தா எல்லாருக்கும்தானே?"

"குரூப்புல உன் கல்யாண போட்டோவும்தான் வந்துச்சு. நான் எடுத்து எங்க கடை வாசல்ல மாட்டவா?"

பெஞ்சில் காத்திருந்த சுற்றுலாக் குடும்பம் சிரித்துவிட்டது. அவள் போனை நீட்டினாள். வானவில்லுக்கு முன் எடுத்தது மூன்று, பின் எடுத்தது நான்கு, நாளும் நேரமும் வரிசையாக. "எடுத்தவங்களுக்குத்தான் படம் சொந்தம். சட்டமே இருக்கு. கோர்ட்ல டைப் அடிக்கிற உமா மகேஸ்வரி சொல்லுது."

இரண்டு பேருக்கு ஹேவ்லாக் போய்வர இலவச டிக்கெட் தருகிறேன் என்றான் விஜயன். நானாக இருந்தால் வாங்கியிருப்பேன். இவள், "டிக்கெட் வேணாம். என் பேரு அதுல வரணும்" என்றாள்.

அப்போதுதான் அவன் ஒரு போடு போட்டான். "சரி தீதி. தினமும் காலையில ரோஜா அனுப்புறீங்களே, அது உங்க வீட்டுச் செடியா? அந்த முருகன் யார் வரைஞ்சது? அவங்க பேரு எங்க?"

அங்கம்மா காது வரை சிவந்துவிட்டாள். அவன் கேட்டது நியாயம்.

அவள் போனில் குரூப்பைத் திறந்து, வாயருகே வைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள். "நான் அங்கம்மா பேசுறேன். இத்தனை நாளா நான் போட்ட ரோஜா, முருகன் ஒண்ணும் என்னோடது இல்ல. எடுத்தவங்க, வரைஞ்சவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. கேக்காம போட்டது தப்பு. நாளையிலேருந்து வராது." விரலை எடுத்தாள். செய்தி போய்ச் சேர்ந்தது.

"நான் நிறுத்திட்டேன் பய்யா. நீ?"

விஜயன் தலையைச் சொறிந்தான். பெஞ்சிலிருந்த குடும்பத்தைப் பார்த்தான். "நாளைக்கே பேரு வரும் தீதி. ஹேவ்லாக்கையும் எடுத்துடறேன்."

மறுநாள் எனக்கு பஜாரில் ஒரு வேலையும் இல்லை. இருந்தும் போனேன். ஏணியில் நின்று ஒருவர் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார். 'ஹேவ்லாக்' மறைந்து அந்த இடத்தில் 'போர்ட் பிளேர் துறைமுகம்' வந்திருந்தது. கீழ் மூலையில், ஆங்கிலத்திலும் தமிழிலும்: 'படம்: அங்கம்மா, பாம்பூஃப்ளாட்'. என் பெயரே வந்த மாதிரி நான் கத்திவிட்டேன். பஜாரே திரும்பிப் பார்த்தது.

அங்கம்மா போனைத் தூக்கினாள், ஒரு கண்ணை மூடினாள். பிறகு போனை இறக்கினாள்.

"அண்ணே, உங்க மூஞ்சியும் விழுது. எடுக்கட்டுமா?"

ஏணிக்காரர் கீழே குனிந்து பார்த்தார். "இருங்கம்மா" என்று பசைக் கையைத் துடைத்துவிட்டு, சட்டையின் மேல் பொத்தானைப் போட ஆரம்பித்தார். அவர் போட்டு முடிக்கும்வரை அவள் போனை நெஞ்சோடு கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.