கை எப்படி இருக்கிறது?

ஹில்ஸ்பரோவில் எங்கள் பக்கத்து வீட்டில் மகளோடு இருந்த கிழவர் அமெரிக்கர். இளமையில் சம்பளத்துக்குப் பேஸ்பால் ஆடியவர். பந்து எறிவதுதான் அவர் வேலை. தொண்ணூறு வயதிலும் ஆள் நெடுநெடுவென்று நிற்பார். வலது முழங்கை மட்டும் நிமிராது. வேலியோரம் விழுந்த, கொய்யா போன்ற ஃபீஜோவாப் பழத்தை எடுத்து, பந்தைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் பிடித்துப் பார்ப்பார்.

“எங்கட கிரிக்கெட்டில இப்பிடிக் கையை மடிச்சு எறிஞ்சா நோ-பால்” என்று சீண்டுவேன்.

“அதுதான் உங்கட மேட்ச் அஞ்சு நாள் இழுக்குது, புரொபசர்!” என்பார்.

போன மாதம் ஒரு காலை, வாசல்படியில் இடது தோளை அழுத்திப் பிடித்தபடி இருந்தார். முகமெல்லாம் வியர்வை. மகள் வேலைக்குப் போய்விட்டாள்.

“நோகுதோ?”

“இல்லை. நல்லா இருக்கிறன்.”

“விளையாட்டுக்காரர் எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவினம்.”

சிரித்தார். “உண்மைதான். ஆட்டத்துக்கு நடுவில பயிற்சியாளர் வந்து, கை எப்பிடி எண்டு கேட்பார். நோகுது எண்டால் நாளைக்கு அந்த இடத்தில வேற ஆள். முழங்கை கழண்டு போற மாதிரி நொந்தாலும் நல்லா இருக்கெண்டுதான் சொன்னன்.”

“அவர் நம்பினாரோ?”

“எங்க! தெரிஞ்சுதான் கேட்பார். அவருக்கு அந்தப் பதில்தான் வேணும்.”

தொலைக்காட்சியில் கிரிக்கெட் தொடங்கும் நேரம். “பிறகு கதைப்பம்” என்று சொல்லி உள்ளே போனேன். அவர் சொன்னது பொய் என்று தெரிந்துதான் போனேன்.

மாலையில் மகள் வந்தபோது அந்தப் படியிலேயே இறந்து கிடந்தார்.

“அப்பா உங்களிட்ட ஏதும் சொன்னவரோ?” என்று அழுதபடி கேட்டாள்.

“நல்லா இருக்கிறன் எண்டுதான் சொன்னவர், பிள்ளை” என்றேன்.