ஒரே பெயரில் ஆறு பேர்

எங்கள் குலதெய்வமான சாஸ்தாவின் பெயர் எங்கள் குடும்பத்தில் ஆறு பேருக்கு இருக்கிறது. இனிஷியல் போட்டுப் பிரிக்கலாம் என்றால் அப்பாக்களுக்கும் அதே சாமி பெயர்தான். இது தெரிந்தும், பங்குனி உத்திரத்துக்கு ஆட்களை அழைக்க என் தங்கை மகன் எக்செல்லில் ஒரு பட்டியல் செய்தான். கட்டத்தின் ஓரத்தில் உள்ள அம்புக்குறியைத் தொட்டால் பெயர்கள் கீழே விரியும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பக்கத்துக் கட்டங்களில் ஊரும் போன் நம்பரும் கோவிலில் அந்த வீட்டுக்கான பொறுப்பும் வந்து நிற்கும். சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் பிள்ளைகள் வீடுகளைப் பிரித்துக்கொண்டு அழைப்பார்கள்.

நான் அப்போதே சொன்னேன்: பெயரை வைத்துத் தேடாதே, வீட்டுக்கு ஓர் எண் கொடு. தாலுகா ஆபீசில் நான் காலம் தள்ளியதே பட்டாவுக்கு எண் இருந்ததால்தான். நம்பர் போட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது என்றான். யாரும் ஞாபகம் வைத்திருக்க வேண்டாம் என்பதற்காகத்தான் எண் என்று ஒன்று இருக்கிறது. இதை வாட்ஸ்அப்பில் விரிவாக எழுதினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

பட்டியலில் அந்தப் பெயர் ஆறு இடத்தில் நின்றது. எதைத் தொட்டாலும் கட்டத்தில் விழுவது வெறும் பெயர். ஃபார்முலா மேலிருந்து தேடிக்கொண்டு வந்து, முதலில் அகப்பட்டவரின் விவரத்தைக் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். முதலில் இருந்தவர் கீழப்பாவூர்க்காரர். ஆறு அழைப்பும் அவருக்கே போயிற்று. அவரும் ஒவ்வொரு தடவையும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஓர் ஆளை ஏன் ஆறு பேர் அழைக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை. மரியாதை இப்போதுதான் கிடைக்க ஆரம்பித்திருக்கிறது என்று நினைத்திருக்கிறார்.

உத்திரத்துக்கு முந்தின நாள் காலையில் அச்சன்புதூரிலிருந்து மதினி பேசினார். அவர் வீட்டுக்காரர், என் பெரியப்பா மகன், அந்த ஆறு பேரில் மூத்தவர். கோவிலில் முதல் பானை அவர் வீட்டுப் பானை. அது பொங்கிய பிறகுதான் மற்ற அடுப்புகளில் தீ வைப்போம். தன்னைத் தள்ளிவைத்துவிட்டோம் என்று அவரே முடிவுசெய்து, கோவிலுக்கு வருவதில்லை என்று சாப்பிடாமல் படுத்திருக்கிறாராம்.

உட்கார்ந்து பட்டியலைத் திருத்தினேன். இனிமேல் எண் கொடுத்தால் எந்த எண் யார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி முடிவதற்குள் திருவிழா முடிந்துவிடும். எங்கள் குடும்பத்தில் ஒருவருடையது இன்னொருவருக்கு இல்லாமல் இருப்பது பட்டப்பெயர் மட்டும்தான். ஆள் முன்னால் அதை யாரும் சொல்வதில்லை. வேறு வழியின்றி அதையே போட்டேன். மற்ற நாலு பேருக்கும் சரியாகப் போன் போயிற்று. இவருக்குப் போன் போதாது என்பதால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தென்காசியில் பஸ் ஏறினேன்.

அண்ணாச்சி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். கம்ப்யூட்டரில் நடந்த தவறு என்று ஆரம்பித்தேன்.

"கம்ப்யூட்டரா என்னைய வேண்டாங்குது? நீங்க எழுதிப் போட்டதத்தானலே அது சொல்லுது. எங்கன என் பேரு? காட்டு."

காட்டாமல் தப்பிக்க முடியவில்லை. அம்புக்குறியைத் தொட்டேன். மிலிட்டரி, ஏட்டு என்று விரிந்தது. ஏட்டு, எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவர்.

"டார்ச்சுங்கது யாரு?"

நல்ல வெயிலிலும் டார்ச் லைட்டோடு வெளியே போகிறவர் எங்களில் ஒருவர்தான். அது அப்போதும் அவர் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. அவரே அதன் மேல் விரலை வைத்தார். அச்சன்புதூர், அவருடைய நம்பர், முதல் பானை.

மதினி அடுக்களைக்குள் போய்விட்டார்.

"கீழப்பாவூர்க்காரனுக்கு என்ன போட்டிருக்க?"

'ஓசிப்பேப்பர்' என்று காட்டினேன். டீக்கடையில் பேப்பரை முழுக்கப் படித்துவிட்டு டீ குடிக்காமல் எழுந்து போகிறவர் அவர். அண்ணாச்சிக்கு முதலில் வயிறு குலுங்கியது. சத்தம் பிறகுதான் வந்தது.

"ஏட்டி, பானைய எடுத்து வெளக்கு. அப்படியே சோத்தப் போடு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒனக்கு?" என்றார்.

அந்த ஆறு பேரில் நான் இல்லை என்றாலும், என் பெயரை எடுத்துவிட்டு ஓய்வுபெற்ற துணைத் தாசில்தார் என்று போட்டிருந்தேன்.

"அத அழிலே. ஒம்பேரு நகலு."

எதைக் கொண்டுவந்தாலும் நகல் இருக்கிறதா என்று கேட்பேனாம். அப்படி யாரும் என்னை அழைத்ததில்லை என்றேன்.

"ஆள் முன்னால எவன்லே சொல்லுவான்?"

அழித்து மாற்றினேன். மறுநாள் முதல் பானை நேரத்தோடு பொங்கியது. ஆறு பேர் அழைத்தார்கள் என்பதற்காக ஓசிப்பேப்பர் ஆறு பிரசாதப் பொட்டலம் கேட்டு நின்றார். கொடுத்தார்கள்.