இரண்டு சட்டி மசியல்

ஜவ்வாது மலையில் புளியமரங்களைக் குத்தகைக்கு எடுத்தவரின் கொட்டகையில்தான் அந்தச் சமையல்காரரைப் பார்த்தேன். கருணைக்கிழங்கைத் தொடுமுன் கை அரிக்காமலிருக்க முழங்கைவரை நல்லெண்ணெய் பூசிக்கொள்வார். வெந்த கிழங்கை வெண்ணெய்போல் மசித்து இரண்டு சட்டிகளில் பிரித்தார். அரிப்பை அடக்கும் புளியை, சரக்கெடுக்கப் போன எங்கள் சட்டியில் மட்டும் கரைத்து ஊற்றினார்.

மற்றது மரமேறி உலுக்கும் மலைக்காரர்களுக்கு.

"இன்னாங்க, அதுல புளி ஊத்தலியா? தொண்டை அரிக்குமே" என்றேன்.

"அரிச்சாதாங்க ரெண்டாவது வாட்டி கேக்க மாட்டானுங்க" என்றார், கிண்டிக்கொண்டே.

வெளியே அவர்கள் உலுக்கிய புளி ஆளுயரத்துக்குக் குவிந்திருந்தது. அதனருகில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிச் செருமிச் சாப்பிட்டார்கள். குவியலில் ஒருவரும் கைவைக்கவில்லை.

அவருடைய கைப்பக்குவத்தை இன்றும் என்னால் குறைசொல்ல முடியவில்லை. அன்று இரண்டாவது வாட்டி கேட்டு வாங்கியவன் நான்.