எழுபத்தொன்பது வயது வரைக்கும் வட்டி

கோத்தகிரியில் எனக்கு ஒரு வீடு இருப்பதை யாராவது அடிக்கடி நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. அன்றைக்குத் தபால்காரர் வாசலில் நின்று, வீட்டுக்காரர் யார் என்று கேட்டார். தோட்டத்துத் துரையைக் கேளுங்கள் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், துரை கொடுத்த லயத்து வரிசை வீட்டில் நாற்பத்தைந்து வருடம் கிடந்தவன் வேறென்ன சொல்வான்? முத்திரை குத்திய பழுப்பு உறையைப் பார்த்ததும் என் மனைவி தகரப் பெட்டியை இறக்கிச் சேலைகளை அடுக்கத் தொடங்கிவிட்டாள். அங்கே அந்த மாதிரி உறை வந்தால் நாட்டை விட்டுப் போ என்று அர்த்தம். இங்கே அவ்வளவு கொடுமை இல்லை. வீட்டுக் கடனுக்கு வட்டி ஏறியிருக்கிறது என்றுதான் எழுதியிருந்தார்கள்.

இந்தியாவுக்கு வரக் கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டு அங்கே காத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். லயத்தில் கூரை ஒழுகினால் துரையைத் திட்டலாம். இங்கே நம்மையே திட்டிக்கொண்டு, ஒழுகும் கூரைக்கு வட்டியும் கட்ட வேண்டும்.

கடன் கொடுத்த சங்கத்துக்குப் போனேன். செக்ரட்டரி தங்கமான மனிதர். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். துரை முன்னால் உட்கார்ந்தே பழக்கமில்லாததால் எனக்குப் பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. கடன் வாங்கும்போது வேறு வட்டி சொன்னீர்களே என்றேன். வட்டி மாறும் என்று பத்திரத்தில் போட்டிருப்பதைக் காட்டினார். ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

"பயப்படாதீங்க. மாசத் தவணைல ஒரு பைசா ஏத்தலைங்க. வருசத்த மட்டுந்தான் நீட்டியிருக்குதுங்க."

"முடியிறப்ப எனக்கு எத்தினி வயசுங்க ஐயா?"

கணக்குப் போட்டுப் பார்த்து எழுபத்தொன்பது என்றார். எந்தச் சோசியனும் எனக்கு இவ்வளவு ஆயுள் கொடுத்ததில்லை. அவருக்கும் அதில் நம்பிக்கை இல்லை போலிருக்கிறது. மகனையும் கடனில் சேர்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவன் கடன் தீரும்வரை இங்கேயே வேலையில் இருக்க வேண்டுமாம், தவணையைச் சம்பளத்தில் பிடிக்க வசதியாக. இல்லாவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகும் என்பதையும் மரியாதையாகவே சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. தோட்டத்துக்கு ஆள் பிடித்துப் போன பெரிய கங்காணியிடம் என் தாத்தா வாங்கிய முன்பணத்தை, என் அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி அடைத்தார். இந்தியாவில் அப்பன் கடன் பிள்ளை தலையில் விழாது என்று சொல்லித்தான் மகன் செல்வராசுவைக் கப்பலில் ஏற்றினேன். அவனுக்கு இப்போது இருபது வயது. தேயிலைத் தொழிற்சாலையை விட்டுவிட்டுக் கோயம்புத்தூர் மில்லுக்குப் போக நாள் பார்த்துக்கொண்டிருந்தான்.

விஷயத்தைச் சொன்னதும் மறுநாள் அவனே என்னோடு சங்கத்துக்கு வந்தான். "வூடு போனா அம்மா எங்கப்பா போகும்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேனாவை வாங்கிக்கொண்டான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

படிவத்தில் சொந்த ஊர் என்று ஒரு கட்டம் இருந்தது. ஹட்டன் என்று எழுதினான். செக்ரட்டரி அதை அடித்து, அது வேறு தேசம் என்றார். கோத்தகிரி என்று எழுதப் போனான். அது கடன் வாங்கிய ஊர், சொந்த ஊர் ஆகாது என்றார். கடைசியில், துறையூர்ப் பக்கத்தில் தாத்தா பஞ்சத்துக்கு விட்டு ஓடிய ஊரின் பெயரை நான் சொன்னேன். எங்கள் இருவரில் யாரும் அந்த ஊரில் கால் வைத்ததில்லை. செல்வராசு எழுத்துக்கூட்டி எழுதிவிட்டு, சரிதானா என்று என்னைப் பார்த்தான். எனக்கும் தெரியவில்லை.